பஞ்சமும் படப்பிடிப்பும்: எதியோப்பிய வரலாற்றில் ஓர் அத்தியாயம்

எதியோப்பியாவின் அண்மைக்கால வரலாற்றை ஆராயப் புகுவோர், பத்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு பஞ்சங்களையும், அவற்றைப் பதிவு செய்த இரு படங்களையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். 1973 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட படம் ஒரு சக்கரவர்த்தியின் வீழ்ச்சிக்குத் துணை நின்றது. 1984 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட படம் உலகெங்குமுள்ள மக்களின் பணப்பையைத் திறப்பித்தது. முதற் படத்தை ஆயுதமாகக் கொண்டு சிம்மாசனத்தைக் கவிழ்த்தவர்களே, அடுத்த பஞ்சத்தின்போது படக்குழுக்கள் வடக்கே செல்லாதிருக்கத் தம்மால் இயன்ற தடைகளையெல்லாம் இட்டனர். அவர்கள் தம்மைச் சோஷலிஸ்டுகள் என்று அழைத்துக்கொண்டவர்கள். ஆகவே இவ்வரலாறு எமக்குச் சற்றுக் கசப்பானது. கசப்பானது என்பதற்காக அதனைப் பேசாது விடுதல் நேர்மையாகாது.

நாம் ஒரு படத்தைப் பார்க்கும்பொழுது, அது எவ்வாறு எம்மிடம் வந்து சேர்ந்தது என்று கேட்பதில்லை. மெலிந்த குழந்தையின் முகம் திரையை நிறைக்கும்போது அவ்வாறு கேட்பது கன்னெஞ்சமாகவும் தோன்றும். எனினும் படப்பிடிப்பு ஒரு தொழில். பலர் கூடிச் செய்யும் உழைப்பு. எழுபதுகளில் வெளிநாடு செல்லும் தொலைக்காட்சிக் குழு பதினாறு மில்லிமீற்றர் பிலிமிலேயே படமெடுத்தது. நானூறு அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். எடுத்த சுருளைக் கழுவிப் பார்க்கும் வரை என்ன பதிவாயிற்று என்று எடுத்தவருக்கே தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் வீடியோ நாடா வந்தது; கழுவ வேண்டிய தேவை ஒழிந்தது. ஆனால் அக்காலக் கருவிகள் பெரும்பாலும் இரு கூறானவை. கமெரா ஒருவர் தோளில். பத்துக் கிலோ அளவான பதிவுப்பெட்டி ஒலிப்பதிவாளரின் தோளில். இரண்டையும் இணைத்து ஒரு வடம். பாறையானாலும் சேறானாலும் துப்பாக்கிச் சூடானாலும் இருவரும் அவ்வடத்தின் நீளத்துக்கு மேல் விலக இயலாது. இவர்களுக்கு வேண்டியவை மூன்று: செல்வதற்கு அனுமதி, ஏறுவதற்கு வாகனம், எடுத்ததை அனுப்புவதற்கு வழி. இம்மூன்றையும் கொடுப்பவன் எவனோ, படத்தில் எது விழும் எது விழாது என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறான். இனி நாம் சொல்லப் போவதற்கெல்லாம் அடிப்படை இதுவே.

எதியோப்பியாவின் வடகிழக்கிலுள்ள வொல்லோ மாகாணத்தில் 1972 இல் மழை பொய்த்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே ஆயிரம் பேர் வரையில் தலைநகர் அடிஸ் அபாபாவை நோக்கி நடந்து வந்து சேர்ந்தனர். சக்கரவர்த்தி ஹைலி செலாசியின் அரசு பஞ்சம் என்ற சொல்லையே உச்சரிக்க மறுத்தது. நாட்டில் இருந்த ஐக்கிய நாடுகள் தாபனங்களின் உத்தியோகத்தர் பலர் உண்மையை அறிந்திருந்தும், அரசின் மனம் நோகலாகாதென்று வாளாவிருந்தனர். முதலில் வாய் திறந்தவர்கள் வெளிநாட்டார் அல்லர். அடிஸ் அபாபாப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் சிலர் 1973 இன் முற்பகுதியில் வொல்லோவுக்குச் சென்று, தாம் கண்டதைப் புகைப்படங்களாகக் கொணர்ந்து பல்கலைக்கழகத்திலே காட்சிக்கு வைத்தனர். "உழுபவனுக்கே நிலம்" என்ற முழக்கத்தோடு 1965 இலேயே வீதிக்கு வந்திருந்த மாணவர் இயக்கம் அப்படங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆசிரியரும் மாணவரும் செய்த இச்சிறு கண்காட்சியை, பின்னர் நிகழ்ந்த பெரிய ஒளிபரப்புகளின் வரலாறுகள் ஒரு வரியோடு கடந்து செல்கின்றன. எமது நோக்கில், கதை தொடங்குவது இங்கேதான்.

அவ்வாண்டின் பிற்பகுதியில், பிரித்தானியாவின் தேம்ஸ் தொலைக்காட்சிக்காக ஜொனதன் டிம்பிள்பி என்ற இளம் செய்தியாளர் ஒரு குழுவோடு வொல்லோவுக்குச் சென்றார். 'அறியப்படாத பஞ்சம்' என்ற பொருள்படும் பெயரோடு அவர்களது படம் 1973 ஒக்டோபர் 18 இல் ஒளிபரப்பாயிற்று. பிரித்தானிய மக்கள் பணம் அனுப்பினர். அரசு இனியும் மறைக்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டது.

அப்படம் பஞ்சத்தைக் காட்டியது. அதன் காரணத்தைக் காட்டிற்றா? வொல்லோவின் குத்தகை விவசாயி, விளைச்சல் இல்லாத ஆண்டிலும் நிலவுடைமையாளனுக்கு வாரம் அளக்கக் கடமைப்பட்டிருந்தான். அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே அஃபார் இடையர்கள் கோடைக்கு ஒதுங்கும் புல்வெளிகள் வெளிநாட்டு மூலதனத்தோடு இயங்கிய பருத்தித் தோட்டங்களாக மாறியிருந்தன. அமார்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியதுபோல, பஞ்சம் நிலவிய வொல்லோவிலிருந்தே தானியம் வெளியிடங்களுக்குச் சென்றது. டெஸ்ஸி நகரத்துச் சந்தையில் தானிய விலை பெரிதும் ஏறவில்லை. உணவு இருந்தது, வாங்குதற்குப் பசித்தவனிடம் எதுவும் இல்லை. குத்தகைச் சீட்டும் சந்தை விலையும் படம்பிடிக்கத் தக்க காட்சிகள் அல்ல. வறண்ட நிலம் காட்சி. எலும்புந் தோலுமான உடல் காட்சி.

நிற்க. இக்குறைபாடு எதியோப்பியாவோடு பிறந்ததன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி புகைப்படக் கருவியோடு சென்றார். பசியால் வாடிய குடும்பங்களை வரிசையாக இருத்தியும் நிறுத்தியும் அவர் எடுத்த படங்கள் இன்றும் நூல்களில் அச்சாகின்றன. அப்படங்களிலே விலா எலும்புகளை எண்ணலாம். அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்த தானிய மூட்டைகளைக் காண முடியாது. அப்பஞ்சத்துக்குத் தப்பி இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோரின் சந்ததியினர் எமது மலையகத்திலே வாழ்கின்றனர். அவர்களுக்கு ஹூப்பரின் படங்கள் குடும்பப் படங்கள் எனலாம். ஆனால் அவற்றிலே ஒருவர் பெயரும் இல்லை.

எதியோப்பியாவுக்கு மீள்வோம். 1974 இல் இராணுவத்தினரும் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளரும் மாணவரும் ஆசிரியரும் எழுந்தபோது, அதிகாரம் படிப்படியாக 'டெர்க்' எனப்பட்ட இராணுவக் குழுவின் கைக்குச் சென்றது. அக்குழுவினர் டிம்பிள்பியின் படத்தைப் பெற்று, வெட்டியும் ஒட்டியும் புதிதாக ஒன்றைச் சமைத்தனர். பசியால் இறக்கும் குழந்தைக்கு அடுத்து அரண்மனை விருந்து; பிணக் குழிக்கு அடுத்து சக்கரவர்த்தி தம் நாய்களுக்கு இறைச்சி ஊட்டும் காட்சி. செப்தெம்பர் 11 ஆம் நாளிரவு இது தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. முதிய சக்கரவர்த்தியும் பார்க்கும்படி பணிக்கப்பட்டார். மறுநாட் காலை அவர் சிம்மாசனத்திலிருந்து நீக்கப்பட்டு, ஒரு சிறிய வொக்ஸ்வாகன் காரிலே ஏற்றிச் செல்லப்பட்டார்.

அந்த ஒட்டுவேலை பொய்யென்று நாம் கூறவில்லை. டிம்பிள்பியின் குழு காட்டாது விட்டதை, அதாவது பசிக்கும் விருந்துக்கும் உள்ள உறவை, கத்தரிக்கோல் ஒன்று காட்டியது. தனித்தனியே நின்ற இரு காட்சிகளை அருகருகே வைத்ததும் அங்கே வர்க்கம் என்ற மூன்றாவது பொருள் தோன்றிற்று. 1975 இல் நாட்டுப்புற நிலமனைத்தையும் பொதுவுடைமையாக்கிய சட்டம் நூற்றாண்டுகால நிலப்பிரபுத்துவத்தைத் தகர்த்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடுதற்கில்லை. ஆயினும் ஒரு படம் என்ன செய்ய வல்லது என்பதைக் கண்கூடாகக் கண்ட ஆட்சியாளர், அப்படியொரு படம் தம்மைப் பற்றியும் எடுக்கப்படலாம் என்பதையும் அன்றே அறிந்துகொண்டனர்.

அடுத்து வந்த ஆண்டுகளிற் கேணல் மெங்கிஸ்து ஹைலி மாரியம் தனி அதிகாரம் பெற்றார். புரட்சிக்கு உழைத்த மாணவரும் ஆசிரியரும் பல்லாயிரக் கணக்கிற் கொல்லப்பட்டனர். வடக்கே எரித்திரியாவிலும் திக்ரேயிலும் போர் மூண்டது. நிலப்பிரபு போன இடத்தில் அரசின் தானியக் கூட்டுத்தாபனம் வந்து நின்றது. குறித்த அளவு தானியத்தைக் குறைந்த விலைக்கு விவசாயி விற்றே ஆகவேண்டும். போதாதவன் சந்தையிலே கூடிய விலைக்கு வாங்கியாவது கொடுக்கவேண்டும். தனியார் தானிய வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. கூலி வேலை தேடி மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் பழைய வழக்கமும் தடைப்பட்டது. கிளர்ச்சியாளரை ஒடுக்குமுகமாக வயல்கள் எரிக்கப்பட்டன; சந்தைகள் மீது விமானங்கள் குண்டு வீசின. இந்நிலையிலேதான் மழையும் பொய்த்தது. பஞ்சத்தாற் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகள், இராணுவ நடவடிக்கைகள் கடுமையாக நிகழ்ந்த பகுதிகளோடு பெரிதும் பொருந்தியிருந்ததை, பின்னாளில் அலெக்ஸ் டி வால் முதலான ஆய்வாளர் மாவட்டம் மாவட்டமாக எடுத்துக்காட்டியுள்ளனர்.

அரசுக்குள்ளேயே இதனை அறிந்தோர் இருந்தனர். நிவாரண புனர்வாழ்வு ஆணைக்குழுவின் தலைவர் தாவித் வொல்தே கியோர்கிஸ் 1984 மார்ச்சிலேயே உதவி வழங்கும் நாடுகளைக் கூட்டி எச்சரித்தார். அந்நாடுகள் அசையவில்லை, சோவியத் சார்பு அரசொன்றுக்கு உதவுவதா என்ற தயக்கம் அவற்றுக்கு. அதே ஆண்டு மேற்கு ஐரோப்பாவின் களஞ்சியங்கள் தானியத்தால் நிரம்பி வழிந்தன. அடிஸ் அபாபாவோ வேறொன்றிற் கண்ணாயிருந்தது. 1984 செப்தெம்பரில் புரட்சியின் பத்தாவது ஆண்டு நிறைவு. வடகொரியாவிலிருந்து வந்த நிபுணர்களின் உதவியோடு வளைவுகளும் பதாகைகளும் எழுந்தன; தொழிலாளர் கட்சி அங்குரார்ப்பணஞ் செய்யப்பட்டது. விழாவுக்கு வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு வடக்கே செல்ல அனுமதி இல்லை. தலைநகரத்தின் செங்கொடிகளுக்கும் வொல்லோவின் பிணங்களுக்கும் இடையில் சில நூறு மைல் பாதையும் ஓர் அனுமதிச் சீட்டுமே நின்றன. பத்தாண்டுகளுக்கு முன் அரண்மனை விருந்தையும் பிணக் குழியையும் அருகருகே வைத்த அதே கைகள்தாம் இப்பொழுது இரண்டையும் தூரத் தூர வைத்தன. இதனை எழுதுகையில் எமது பேனா தயங்குகிறது. அன்று உலகின் பல பாகங்களிலும் இடதுசாரி ஏடுகள் அவ்விழாவை வாழ்த்தி எழுதின என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில் மொகமட் அமீன் வரலாற்றுள் நுழைகிறார். பஞ்சாபிலிருந்து கிழக்காபிரிக்க இரயில்வேயில் வேலை செய்ய வந்த ஒரு தொழிலாளியின் மகன். 1943 இல் நைரோபியிற் பிறந்தவர். இருபது வயதிலேயே தார் எஸ் சலாமில் 'கமெராபிக்ஸ்' என்ற பெயரோடு தொழில் தொடங்கியவர். விஸ்நியூஸ் செய்தித் தாபனத்துக்காக ஆபிரிக்காவின் போர்களையும் சதிகளையும் இருபதாண்டுகளாகப் படமாக்கியவர். சான்சிபாரிற் சிறையிருந்து சித்திரவதைப்பட்டவர். பி.பி.சி. செய்தியாளர் மைக்கல் பியூர்க் அவ்வாண்டு யூலையிலேயே ஒரு நிவாரண நிதி வேண்டுகோளுக்காகத் தென் எதியோப்பியாவுக்கு வந்து சென்றிருந்தார். அதே மாதம் பிரித்தானியாவில் வேறொரு விவரணப் படமும் காட்டப்பட்டது. ஆகவே ஒக்டோபரிலேதான் உலகம் முதன்முதலாக அறிந்தது என்று கூறுவது பிழை. ஒக்டோபரில் நிகழ்ந்தது வேறு: விழா முடிந்தது, அமீன் தமது நீண்டகாலத் தொடர்புகளைக்கொண்டு அடிஸ் அபாபா அதிகாரிகளிடம் மன்றாடியும் வாதாடியும் அனுமதி பெற்றார், வேள்ட் விஷன் என்ற கிறிஸ்தவ நிவாரணத் தாபனத்தின் விமானத்தில் இடம் கிடைத்தது. அனுமதி அரசினுடையது; வாகனம் தருமத் தாபனத்தினுடையது. இவ்விரண்டையும் வாசகர் மனத்திற் கொள்க.

கொரெம் என்பது வடக்கு நெடும்பாதையிலே, குளிர் மிக்க மேட்டு நிலத்திலுள்ள ஒரு சிற்றூர். அதன் புறத்தே 40,000 பேர் வரையில் வந்து கிடந்தனர். பலருக்குக் கூடாரமும் இல்லை. விடியற்காலம்; புகையும் மூடுபனியும் கலந்த மங்கல்; சாம்பல் நிறப் போர்வைகளுக்குள் அசையும், அசையாத உருவங்கள்; இரவில் இறந்தோரைச் சுற்றித் துணியிற் கட்டி வரிசையாகக் கிடத்தியிருந்தமை. அமீனின் கமெரா இங்கே அவசரப்படவில்லை. முகம் விட்டு முகம் தாவும் செய்திப்பட வழக்கத்தை விடுத்து, ஒவ்வொரு காட்சியிலும் தரித்து நின்றது. அழுகையும் இருமலும் தாழ்ந்த முனகலும் ஒலிநாடாவிற் பதிந்தன. பியூர்க் குறைவாகவே பேசினார். மெக்கெல்லே நகரில் செஞ்சிலுவைச் சங்கத்துத் தாதியர், உள்ள உணவு போதாமையால், எக்குழந்தைக்கு ஊட்டுவது எதனை விடுவது என்று ஒவ்வொரு காலையும் தெரிந்தெடுக்க நேர்ந்தது. அப்பணியைச் செய்த ஒருவர் பிற்காலத்தில் அது தம்மை எவ்வாறு வதைத்தது என்று எழுதியுள்ளார்.

ஒக்டோபர் 23 இல் பி.பி.சி. அதனை ஒளிபரப்பியது. ஒரு செய்திக்கு ஏழு நிமிடம் என்பது அந்நாளில் வழக்கத்துக்கு மாறான நீளம். முதலில் அக்கறை காட்டாத அமெரிக்காவின் என்.பி.சி. தலைமையகமும் படத்தைக் கண்டபின் மனம் மாறி அன்றிரவே ஒளிபரப்பியது. மறு மாதம் பிரித்தானிய விமானப்படை தானியம் கொண்டு பறந்தது; சோவியத் யூனியன் விமானங்களும் ஹெலிகொப்டர்களும் லொறிகளும் அனுப்பியது; பொப் இசைக் கலைஞர் இசைத்தட்டு வெளியிட்டனர்; 1985 யூலை 13 இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் மாபெரும் இசை விழாக்கள் நிகழ்ந்தன. அப்படத்தால் உயிர் பிழைத்தோர் பலர். அதனை ஏளனஞ் செய்ய எமக்கு உரிமையில்லை. பசித்தவன் வாயிற் சோறு வைத்த கையை, அதற்கு வர்க்க உணர்வு போதாது என்று தட்டிவிட இயலாது.

ஆனால் அப்படம் எதைச் சொல்லாது விட்டது? பியூர்க் தம் உரையிலே அக்காட்சியை விவிலிய காலத்துப் பஞ்சத்தோடு ஒப்பிட்டார். விவிலிய காலத்திற் குண்டுவீச்சு விமானம் இருந்ததில்லை. தானியக் கூட்டுத்தாபனமும் இருந்ததில்லை. வானம் பொய்த்ததால் வந்த துயரம் என்ற விளக்கம் எல்லோருக்கும் வசதியாயிருந்தது. அரசுக்கு வசதி, போர் மறைகிறது. நிவாரணத் தாபனங்களுக்கு வசதி, அனுமதி தொடர்கிறது. மேல்நாட்டுப் பார்வையாளருக்கும் வசதி, ஈகையோடு கடமை முடிகிறது. கொரெமுக்கு விமானத்திற் சென்ற குழுவுக்குப் போர்முனையின் மறுபக்கம் அடைபட்டிருந்தது. அப்பக்கத்துக்குச் செல்லச் சூடான் எல்லையிலிருந்து கிளர்ச்சியாளரின் லொறிகளில், விமானங்களுக்கு அஞ்சி இரவிலே மட்டும், நாட்கணக்கிற் பயணஞ் செய்தல் வேண்டும். சென்றோர் சிலரே. 1984 இன் இறுதியில் திக்ரே விவசாயிகள் இரண்டு இலட்சம் பேர் வரையில் கால்நடையாகச் சூடானுக்குச் சென்றனர்.

இன்னுமொன்று. நிவாரண முகாம்களிற் கூடிய மக்களை அரசு வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்தியது. வடக்கிலிருந்து 6 இலட்சம் பேர் வரையில் தென்மேற்குக் காடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர், பலர் பலவந்தமாக. குடும்பங்கள் பிரிந்தன, வழியிலும் புதிய இடங்களிலும் பல்லாயிரவர் மாண்டனர். தானியம் ஏற்ற வந்த லொறிகளும் சோவியத் விமானங்களும் மனிதரை ஏற்றின. படம் கொணர்ந்த உணவு, கண்ணிக்குள் வைத்த இரையாயிற்று. இதனை வெளிப்படையாகக் கண்டித்த 'எல்லைகளற்ற வைத்தியர்கள்' அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1985 டிசெம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. ஏனைய தாபனங்கள் பெரும்பாலும் மௌனம் காத்தன. அதே ஆண்டின் முடிவில் தாவித்தும் நாடு திரும்பாது அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார்.

எமது கரையிலும் நாம் இதனைக் கண்டிருக்கிறோம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் உலகின் படக்குழுக்கள் கொழும்பில் வந்திறங்கின. காலி வீதியும் பெரலியாவிற் கவிழ்ந்து கிடந்த புகைவண்டியும் கிட்டவே இருந்தன. மிகக் கூடுதலானோர் மாண்ட அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமங்கள் தீவின் மறுபுறத்தில் இருந்தன. முல்லைத்தீவுக்குச் செல்லப் படைகளின் சோதனைச் சாவடியையும் புலிகளின் சாவடியையும் கடக்க வேண்டியிருந்தது. கடலோரத்திலே மீண்டும் குடிசை கட்டலாகாதென்று தெற்கில் நூறு மீற்றரும் வடகிழக்கில் இருநூறு மீற்றருமாகத் தடைவலயம் அறிவிக்கப்பட்டபோது, அலையைப் படம்பிடித்த குழுக்களிற் பெரும்பாலானவை வேறு நாடுகளுக்குச் சென்றுவிட்டன. மீனவன் கடலை விட்டு விலக்கப்படுதல் ஓர் அளவுநாடாவையும் சில முளைகளையும் கொண்டு ஓசையின்றி நடப்பது. இரவுச் செய்திக்கு அதில் என்ன இருக்கிறது?

1991 மே மாத இறுதியில் மெங்கிஸ்துவின் ஆட்சி வீழ்ந்தது. அதனைப் பதிவு செய்ய அமீன் மீண்டும் அடிஸ் அபாபாவுக்கு வந்திருந்தார். யூன் 4 ஆம் நாள் அதிகாலையில் நகரத்து ஆயுதக் கிடங்கொன்று வெடித்தது. படமெடுக்கச் சென்ற அமீன் ஒரு கையை இழந்தார். செயற்கைக் கை பொருத்திக்கொண்டு மீண்டும் கமெரா பிடித்து, 1996 நவம்பரில் கொமோரோ தீவருகே கடலில் வீழ்ந்த விமானத்திலே இறந்தார். அவருடைய வரலாறு நூல்களாகியுள்ளது. கிடங்கு வெடித்தபோது அவரருகே ஒலிப்பதிவுக் கருவியோடு நின்ற ஜோன் மத்தாய் என்ற கெனியர் அவ்விடத்திலேயே மாண்டார். அவரது பெயர் அந்நூல்களிலே சில வரிகளில் வருகிறது.